மிதக்கும் கட்டையும் சாத்தனூர்க் கல்மரமும்

மரம் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மரம் எந்தப் பொருளால் ஆகியிருக்கிறதோ அந்தப் பொருள் மிதக்காது. செல்லுலோஸும் லிக்னினும் சேர்ந்த செல் சுவரை மட்டும் தனியே பிரித்து எடை போட்டால், ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ ஒன்றரை கிராம் இருக்கும். முருங்கை, தேக்கு, கருங்காலி என்று எந்த மரத்தை எடுத்தாலும் இந்த எண் பெரிதாக மாறுவதில்லை. அதே அளவு தண்ணீரின் எடை ஒரு கிராம். கணக்குப்படி எல்லா மரமும் மூழ்கியிருக்க வேண்டும். மிதக்க வைப்பது செல்களுக்குள் அடைபட்டிருக்கும் காற்று.

காய்ந்த கட்டை ஒன்றின் அடர்த்தி 0.6 என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் புழங்கும் பல மரங்கள் இதை ஒட்டியவை. அதில் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்தால் பத்தில் நான்கு பங்குதான் மரப்பொருள். மிச்சம் ஆறு பங்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் புகுந்துவிட்டால் கட்டையின் எடையும் தண்ணீரின் எடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டு புகுந்தாலும் கட்டை அடியில் போய் உட்காரும். மிக லேசான மரம் என்று பேர்பெற்ற பால்சாகூட முழுக்க ஊறினால் மூழ்கும். கணக்கு அதற்கும் சரியாக வருகிறது.

வண்ணமீன் தொட்டிக்குள் கட்டை வைக்க நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் காற்றோடுதான். கடையில் 'டிரிஃப்ட்வுட்' என்று விற்பதை வாங்கலாம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது, விலையும் அதிகம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் இருப்பவர் அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. காய்ந்த கட்டைக்கு இங்கே பஞ்சமே கிடையாது. அதோடு, மரம் எப்படி மூழ்குகிறது, மூழ்கியபின் ஏன் உடனே மக்கிப்போவதில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் உலகிலேயே அழகான விடைகளில் ஒன்று இந்தப் பகுதி மண்ணில் படுத்துக் கிடக்கிறது.

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கிறது சாத்தனூர். அங்குள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் 18 மீட்டர் நீளத்துக்கு ஓர் அடிமரம் கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைக் கண்டறிந்து பதிவு செய்தார். பின்னாளில், 1951-இல், அந்தத் துறைக்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவரும் அவரே. மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிரிடேசியஸ் காலம், டைனோசர்கள் உலவிய காலம். இன்று கடற்கரை இங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் கிழக்கே போய்விட்டது. அன்று கடல் சாத்தனூரையும் தாண்டி மேற்கே எட்டுப் பத்து கிலோமீட்டர் வரை ஏறி நின்றது. கரையோரம் ஊசியிலை மரக்காடு. பூக்கும் தாவரங்கள் இன்று போல் பூமியை ஆளத் தொடங்காத நேரம் அது. இன்றைய தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை மரம் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இருக்கும் ஒரே ஒரு இனம்தான்.

விழுந்த மரத்தை ஆறு இழுத்துக்கொண்டு வந்து கடலில் தள்ளியது. மிதந்துகொண்டிருந்த மரத்துக்குள் தண்ணீர் மெல்ல ஏற, காற்று வெளியேற, ஒருநாள் அது ஆழமில்லாத கடலடியில் போய்ப் படிந்தது. அதன்மேல் மணலும் சேறும் மூடியது. மீன் தொட்டிக்காக நாம் அண்டாவில் கொதிக்க வைத்து அவசர அவசரமாகச் செய்வதை அந்த ஆறும் கடலும் பொறுமையாகச் செய்து முடித்தன.

இனி, தொட்டிக்கு எந்தக் கட்டையை எடுப்பது என்று பார்ப்போம். பச்சை மரம் கூடாது. ஈரப்பட்டையில் சர்க்கரையும் மாவுச்சத்தும் நிறைந்திருக்கும். தொட்டிக்குள் போனதும் அது பாக்டீரியாவுக்கு விருந்து. பாக்டீரியா பெருகப் பெருகத் தண்ணீரின் ஆக்சிஜன் குறையும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மரத்திலேயே காய்ந்து, பட்டை தானாகக் கழன்று, ஒரு கோடையாவது வெயில் தின்ற கட்டையே தேவை. ஆசாரிகள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்பார்களே, அதுதான். அடிமரத்தின் நடுவில் கருமையாகவோ செம்மையாகவோ இருக்கும் வைரப் பகுதி உயிரற்றது. மரம் தன் செல்களில் இருந்த சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு, பதிலுக்குப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருட்களை அங்கே நிரப்பி வைத்திருக்கிறது. வெளிறிய வெளிப்பகுதிக்கு இந்தக் காப்பு இல்லை. கரையானுக்கு இது நன்றாகத் தெரியும். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ கிடக்கும் பழைய வேர்க்கட்டையைப் புரட்டிப் பாருங்கள். வெளிப்பகுதியைக் கரையான் சுத்தமாகத் தின்றுவிட்டு, வைரத்தை மட்டும் பள்ளமும் முடிச்சுமாக விட்டிருக்கும். எந்தச் சிற்பியும் தொடாமல் கிடைக்கும் அந்த வடிவம்தான் தொட்டிக்குள் அழகு. நகத்தை அழுத்திப் பாருங்கள், பதிந்தால் விட்டுவிடுங்கள்.

வெயிலில் காய்ந்த கொய்யாக் கிளை மீன் வளர்ப்போரிடையே நல்ல பேர் எடுத்தது. கெட்டியான மரம், கிளைகள் அழகாக வளைந்து பிரியும், பட்டை தானே உரிந்துவிடும். புளி, நாவல் ஆகியவற்றின் வைரமும் நன்றாகவே நிற்கும். முருங்கை, தென்னை, இலவம் போன்றவை சீக்கிரம் கூழாகிவிடும். எட்டி, அரளி, எருக்கு, கள்ளி பக்கமே போக வேண்டாம். எட்டியிலும் அரளியிலும் இருப்பது மனிதரையே கொல்லும் நஞ்சு. வேம்பும் வேண்டாம். அதன் பூச்சிக்கொல்லிப் பொருட்கள் மீனுக்கும் ஆகாதவை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரிக் கட்டை எளிதாகக் கிடைக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்குவதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்து மரத்தை நான் தொட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். தைல மரமும் அப்படியே. சீமைக்கருவேலம் ஊர் முழுக்கக் கிடக்கிறது. அதன் வேர் கெட்டி, வடிவமும் அற்புதம். ஆனால் நிறம் நிறைய விடும். நன்றாகக் காய்ந்த பழைய வேரை மட்டும் எடுத்து, மற்றவற்றைவிட நீண்டநாள் ஊறப்போட வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்தபின் திருமானூர், திருமழபாடிப் பக்கம் மணலில் கட்டைகள் ஒதுங்கும். ஏற்கெனவே தண்ணீரில் அடிபட்டு, பட்டை போய், முனை மழுங்கி வந்தவை என்பதால் பாதி வேலை முடிந்துவிடும். பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கும் பருத்திக் காட்டு வரப்பிலும், சாக்கடை கலக்கும் ஓடையிலும் கிடப்பதை எடுக்க வேண்டாம். மரம் தன் துளைகளில் எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. காப்புக்காட்டிலிருந்தும் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்திலிருந்தும் ஒரு குச்சியும் எடுக்கக் கூடாது. கரைவெட்டி 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற ஏரி. அங்கே தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் பட்டமரம் நீர்க்காகம் இறகு காயவைக்கும் இடம், அதன் அடிப்பகுதி மீன்குஞ்சு ஒளிந்துகொள்ளும் இடம்.

வீட்டுக்கு வந்ததும் கம்பித் தூரிகையால் தேய்த்து, நொய்ந்த பகுதியைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். பிறகு கொதிக்க வைக்க வேண்டும். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அண்டாவில் தண்ணீர் சூடேறியதும் கட்டையின் பக்கவாட்டிலிருந்து குமிழ்கள் அவ்வளவாக வராது. அறுத்த முனையிலிருந்துதான் வரும். நுண்ணிய ஊசித் துளைகளிலிருந்து நூல் பிடித்தாற்போல வரிசை வரிசையாகக் கிளம்பும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய குழாய்கள் அவை. நெடுக்குவாட்டில் ஓடுவதால் காற்றுக்கும் அதுவே வாசல்.

சூட்டில் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, மிச்சக் காற்றையும் தள்ளுகிறது. முக்கியமான கட்டம் அடுப்பை அணைத்தபின் வருவது. குழாய்களில் நிற்கும் நீராவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகும்போது அதன் கன அளவு ஆயிரம் மடங்குக்கும் மேல் சுருங்கிவிடும். அங்கே உண்டாகும் வெற்றிடம் வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும். அதனால் கொதித்த கட்டையைச் சூடாக வெளியே எடுத்து வைத்தால் இழுபடுவது காற்றுதான். செய்த வேலை வீண். அதே தண்ணீரில், முழுக்க முங்கியபடி, ஆறும்வரை விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நடுத்தரக் கட்டை மூழ்கிவிடும். அண்டாவில் அடங்காத பெரிய கட்டையை பிளாஸ்டிக் டிரம்மில் கல் ஏற்றி, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டியதுதான். புதிய சிமென்ட் தொட்டி வேண்டாம், சுண்ணாம்பு கசியும்.

அவசரக்காரர்கள் கட்டையைக் கல் பலகையில் துருப்பிடிக்காத திருகு போட்டு இறுக்கி மூழ்கடிப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் கல்லைப் பார்த்து எடுக்க வேண்டும். வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் கடப்பாக் கல் சுண்ணாம்பு வகை. கருங்கல் துண்டே பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் கல்லின்மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தொட்டித் தண்ணீரில் மெல்லக் கரையும்.

அரியலூரில் இந்தச் சோதனையை எந்தத் தெருமுனையிலும் செய்து பார்க்கலாம். சாத்தனூர் மரத்தை வாங்கிக்கொண்ட அதே பழங்கடல், வாபஸ் போகும் வரை கோடிக்கணக்கான ஆண்டுகள் சிப்பிகளையும் நத்தைகளையும் அடுக்கிவிட்டுப் போன சுண்ணாம்பைத்தான் இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கின்றன. அந்தப் பாறை வழியே ஊறி வரும் கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுதி. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதும், சோப்பு நுரைக்காததும் அதனால்தான்.

கட்டையை ஊறப்போட்ட தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாவதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். தேநீரில் துவர்க்கும் அதே இனப் பொருள்தான் இங்கும் கரைகிறது: டானின். பூச்சியும் பூஞ்சையும் தின்னாமல் இருக்க மரம் தயாரித்து வைத்த காவல். புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்வது அதன் குணம். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதும், கடுக்காய் நாக்கைச் சுருட்டுவதும் இந்தக் குணத்தால்தான். தண்ணீரில் இரும்பு இருந்தால் டானினோடு சேர்ந்து கருநீலமாகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் வைத்த கட்டை சில வீடுகளில் கறுத்துப் போவதற்குக் காரணம் இதுவே. பயப்பட ஒன்றுமில்லை.

குறைந்த அளவு டானின் மீனுக்குக் கெடுதல் இல்லை. அமேசானின் கிளையான ரியோ நீக்ரோவில் கருந்தேயிலை நிறத் தண்ணீரில்தான் கார்டினல் டெட்ராக்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. தென்கிழக்காசியக் கரி நிலச் சதுப்புகளிலும் அப்படியே, பல ஃபைட்டர் மீன்களின் சொந்த ஊர் அவை. பழுப்பு நிறம் வெளிச்சத்தை மட்டுப்படுத்துவதால் பாசியும் குறையும். நிறம் பிடிக்காதவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றினாலோ, வடிகட்டியில் செயலூட்டிய கரி போட்டாலோ தெளிந்துவிடும்.

நம் முன்னோர் டானினின் குணம் தெரிந்தே செய்தார்களோ என்று எண்ண வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு: தண்ணீரின் உப்புச்சுவை குறையும் என்று கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடுவது. நெல்லி டானின் மிகுந்த மரம், தண்ணீரில் நெடுங்காலம் மக்காமல் கிடக்கும். கரைந்த உப்பை எந்தக் கட்டையாலும் நீக்க முடியாது என்றாலும், தண்ணீருக்குள் போடத் தகுந்த மரம் எது என்று துல்லியமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கட்டை போட்டால் தண்ணீர் அமிலமாகும் என்று படித்துவிட்டுப் பலர் கவலைப்படுகிறார்கள். மழைநீரில் போட்டால் ஓரளவு ஆகும். அரியலூர்க் கிணற்று நீரில் அநேகமாக எதுவும் நடக்காது. கட்டை விடும் கொஞ்சநஞ்ச அமிலத்தை அங்குள்ள பைகார்பனேட் உடனுக்குடன் விழுங்கிவிடும். பழுப்பு ஏறும், காரத்தன்மை அசையாது. ஆகவே இந்தப் பகுதியில் கப்பி, மோலி போன்ற கடினநீர் மீன்களோடு கட்டையை வைப்பது இயல்பாகப் பொருந்தும். டெட்ராவும் டிஸ்கஸும்தான் வேண்டும் என்பவர்கள் மாடியில் பிடித்த மழைநீரைக் கலந்துகொள்ள வேண்டும். 2003-இல் தமிழகம் முழுக்கக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக்கு இப்படியும் ஒரு பயன்.

தொட்டிக்குள் போன முதல் வாரங்களில் கட்டையின் மேல் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் படரும். மிச்சமிருந்த சர்க்கரையைத் தின்னும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அது. நத்தையும் இறாலும் விரும்பித் தின்னும்; சத்து தீர்ந்ததும் தானே மறையும். அதன்பின் அங்கே குடியேறும் பாக்டீரியாக்களில் சில, மீனின் கழிவான அமோனியாவைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றித் தரும். கட்டையின் சொரசொரப்பு அவற்றுக்கு வீடு. 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் கட்டையை ராவிக்கொண்டே இருக்கும். அது வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போனால் தயவுசெய்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் போட்டியாகிவிட்டது.

தண்ணீரில் கிடக்கும் கட்டை ஏன் மக்குவதில்லை? மக்கத்தான் செய்கிறது, ஆனால் மேலோட்டமாக. மரத்தை வேகமாகத் தின்னும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் வேண்டும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. செல்கள் முழுக்கத் தண்ணீர் நிரம்பிய கட்டையின் உள்பகுதிக்கு அது எட்டுவதே இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் வேலிக்கால் சில ஆண்டில் இற்றுப்போக, முழுக்க மூழ்கிய கட்டை ஆண்டுக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

சாத்தனூர் மரத்தைக் காப்பாற்றியதும் இதே ஆக்சிஜன் பற்றாக்குறை. கடலடியில் கிடந்தவரை ஆபத்து இருந்தது. கப்பலைத் துளைக்கும் கப்பல் புழுவின் மூதாதைகள் அன்றே இருந்தன; அவை துளைத்த கல்மரத் துண்டுகள் இந்தப் பகுதிப் பாறைகளில் பதிவாகியுள்ளன. சேறு மூடியபின் புழுவும் பூஞ்சையும் நெருங்க முடியவில்லை. அதன்பின் மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, காற்று போன அதே குழாய்கள் வழியே உள்ளே புகுந்தது. செல் சுவரின் செல்லுலோஸ் சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. முதலில் சுவரில் படிந்து, பிறகு வெற்றிடங்களை நிரப்பி, நாளடைவில் இறுகிக் குவார்ட்ஸ் ஆகிவிட்டது. மரப்பொருள் போனது, அதன் நார்வரி அப்படியே நின்றது. இதற்கு எப்போதும் கோடி ஆண்டு தேவை என்பதும் இல்லை. ஜப்பானில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்று ஒன்றில் போட்டுவைத்த மரத்துண்டுகளில், ஏழு ஆண்டுகளுக்குள் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா ஏறியிருந்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கல்மரத் துண்டுகளும் மீன் தொட்டி அலங்காரத்துக்கு உலகச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன. குவார்ட்ஸ் என்பதால் தண்ணீரை அது எதுவும் செய்யாது, பார்க்கவும் அழகு. அந்த ஆசை சாத்தனூரிலும், அதே பகுதியில் உள்ள காரை என்ற ஊரின் பள்ளங்களிலும் வரக் கூடாது. சாத்தனூர் மரம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். சுற்றுவட்டார ஓடைகளில் கிடக்கும் சிறு துண்டுக்கும் மதிப்பு உண்டு. எந்த அடுக்கில், எந்தச் சிப்பிகளோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் கடலின் ஆழத்தையும் காலத்தையும் ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். பையில் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். குழந்தைகளை அழைத்துப் போய்ச் சாத்தனூர் மரத்தையும், அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். தொட்டிக்கு வேண்டிய கட்டையைக் கொய்யா மரத்தடியிலோ கொள்ளிடத்து மணலிலோ தேடிக்கொள்ளுங்கள்.